திக்கித் திக்கி ஓடிய கார்

"கொலை எதுவும் இல்லையேக்கா?" என்று ஸ்டான்லி கேட்டான்.

இல்லை என்று முத்துவடிவு சொன்னாள். அவன் கொஞ்சம் ஏமாந்தது போலத்தான் தெரிந்தது.

தென்காசியில் சன்னதித் தெரு பாத்திரக் கடைக்கு மேலே முத்துவடிவின் துப்பறியும் அலுவலகம். அவள் முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக, விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தவள். எந்த வண்டி நிஜமாகவே மோதியது, எது மோதியதாகச் சொல்லப்படுகிறது என்பதை பம்பரைத் தடவியே சொல்லிவிடுவாள். ஸ்டான்லி அவளுடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவதற்கும் டைப் அடிப்பதற்கும் சம்பளம் வாங்குகிறான். கருத்துச் சொல்வதை இலவசமாகச் செய்கிறான்.

அன்று வந்த வழக்கிலும் ஒரு மோதல் இருந்தது. கார்தான் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சத்யபிரியா, பாவூர்சத்திரத்துப் பெண். பக்கத்தில் அவளுடைய அப்பா நல்லதம்பி, காய்கறி மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறவர். இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னதை ஒழுங்குபடுத்தினால் விஷயம் இதுதான்.

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் செந்தில்வேல் அண்ணாச்சி தம்முடைய லாட்ஜ் ஹாலில் கம்ப்யூட்டர் கார்ப் பந்தயம் நடத்துகிறார். அவரவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து ஆட வேண்டும். ஜெயித்தவருக்குச் சென்னையில் ஓர் அணியில் இடம் கிடைக்கும். கடைசி ஆட்டம் சத்யபிரியாவுக்கும் குற்றாலத்து விஜயசங்கருக்கும் நடந்தது. கடைசிச் சுற்றில் இவளுடைய கார் அவனுடைய காரைப் பின்னாலிருந்து இடித்தது. அவன் கார் சாலையை விட்டுப் போயிற்று. இவள் முதலாவதாக வந்தாள். வேண்டுமென்றே இடித்தாள் என்று அவன் புகார் கொடுத்தான். குறுக்கே வந்து பிரேக் போட்டது அவன்தான் என்று இவள் சொன்னாள்.

இதற்கென்று அண்ணாச்சி ஒரு விதி வைத்திருந்தார். ஆடுகிற ஒவ்வொருவரும் தங்கள் திரையை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். பக்கத்திலிருந்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதற்காக மைக்கும் திறந்திருக்க வேண்டும். மறுநாள் அந்தப் பதிவைப் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

விஜயசங்கரின் வீடியோ அண்ணாச்சியின் லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடியது. சத்யபிரியாவின் வீடியோ திக்கித் திக்கி ஓடியது. அதிலும் இடிக்கிற இடத்தில் ஒரே தாவல். ஒரு நொடி முன்னால் அவன் கார் தூரத்தில், அடுத்த நொடி சாலையோரப் பள்ளத்தில். வெட்டி ஒட்டியிருக்கிறாள் என்று விஜயசங்கர் சொன்னான். பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் பட்டது. அன்று சாயங்காலம் தீர்ப்பு. வெட்டியது உறுதியானால் சென்னை போய்விடும். ஏமாற்றுக்காரி என்று பெயரும் போட்டு, இனி எந்தப் போட்டியிலும் சேர்க்க மாட்டார்கள்.

நல்லதம்பியின் கவலை வேறு மாதிரி இருந்தது. ஜெயித்த அன்றைக்கே அவர் மார்க்கெட் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். மகளுக்குச் சென்னையில் கார் ஓட்டுகிற வேலை என்று லோடுமேன்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏமாற்றி ஜெயித்தாள் என்று நாளைக்குக் காலையில் அதே வாய்களுக்குத் தெரிந்தால், அந்த மார்க்கெட்டில் அவர் எப்படி டெம்போவை நிறுத்துவது?

"வீட்ல நல்லா ஓடுதுக்கா. அங்கன கொண்டு போனாத்தான் திக்குது," என்றாள் சத்யபிரியா.

"எனக்கும் இன்டர்வியூவுல அப்படித்தான்," என்றான் ஸ்டான்லி.

வீட்டுக் கம்ப்யூட்டரையே டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டலாமே என்று முத்துவடிவு கேட்டாள். நல்லதம்பி அதைக் கேட்டுப் பார்த்துவிட்டார். இரண்டு சாட்சியையும் ஒரே தராசில்தான் நிறுப்பேன், என் லேப்டாப்பில் ஓடுவதைத்தான் பார்ப்பேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம்.

முத்துவடிவு பென் டிரைவை வாங்கி அலுவலக லேப்டாப்பில் செருகினாள். அது வயதான லேப்டாப். கால்குலேட்டரைத் திறக்கச் சொன்னாலே யோசிக்கும் ஜாதி. வீடியோ நாலு எட்டு வைத்து நின்றது, மறுபடி தாவியது. பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல், லேப்டாப்புக்குள் காப்பி செய்து ஓட்டிப் பார்த்தாள். திக்கல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஸ்டான்லி சத்யபிரியாவிடம், பயப்பட வேண்டாம், அக்கா யோசிக்கும்போது இப்படித்தான், தூங்கும்போது குறட்டை வரும் என்று விளக்கினான்.

வீடியோவிலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இன்ஜின் உறுமல், விசைகள் தட்டும் சத்தம், தகரக் கூரையில் சாரல். நடுவில் நீளமாக ஓர் ஊளை. மெள்ள ஏறி, உச்சத்தில் கொஞ்ச நேரம் நின்று, மெள்ள இறங்கியது.

"இது என்ன?"

"சங்குக்கா. அருவியில தண்ணி கூடிட்டுன்னா ஊதுவாவ. நான் அரண்டு போயிட்டேன். அங்கன உள்ள ஒருத்தரும் நிமிந்துகூடப் பாக்கல."

முத்துவடிவு கண்ணைத் திறந்தாள். "படந்தான் திக்குது. சத்தம் திக்கல. வெட்டுனவ படத்தை மட்டுமா வெட்டுவா? சீக்கு பதிவுல இல்ல. ஓட்டுத மெஷின்ல இருக்கு. ஏலே, வண்டிய எடு."

"நம்ம லேப்டாப்லயும் திக்குதேக்கா."

"இதுக்கு முதுமை. அதுக்கு என்னன்னு போய்ப் பாப்போம்."

*

குற்றாலம் நெருங்க நெருங்கச் சாரல் கனத்தது. நல்லதம்பியின் டெம்போ முன்னால் போனது; ஸ்கூட்டர் அதன் முதுகில் ஒதுங்கியபடி பின்னால் போனது. இவ்வளவு தண்ணீரையும் மேலே வாங்கிய பிறகு எதற்காக ஜனங்கள் தனியாக அருவிக்கு வேறு போகிறார்கள் என்று ஸ்டான்லி கேட்டான். 

லாட்ஜ் ஹாலில் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. மேஜைக்குப் பின்னால் செந்தில்வேல் அண்ணாச்சி, தலையில் ஈரத் துண்டு. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மனிதர்கள், அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதற்காக. கொஞ்சம் தள்ளி விஜயசங்கர். நல்ல சட்டை, நல்ல மரியாதை. முத்துவடிவைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னான்.

முத்துவடிவு இரண்டு வீடியோவையும் பார்க்க அனுமதி கேட்டாள். பார்க்கலாம், தொடக்கூடாது என்றார் அண்ணாச்சி. தலைகள் ஆடின.

முதலில் விஜயசங்கருடையது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பது போன்ற காட்சி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், நேரான சாலை. அவன் ஒரு விசையை அழுத்திப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான், காட்சி மாறுகிறது, சத்யபிரியாவின் சிவப்புக் கார் வந்து முட்டுகிறது. ஒரு திக்கல் இல்லை. அண்ணாச்சி சத்தத்தை வைக்கவில்லை. கார் சத்தம் அவருக்குத் தலைவலியாம்.

அடுத்து சத்யபிரியாவுடையது. சிவப்புக் காரின் முகப்பு தெரிகிறது, முன்னால் தூரத்தில் விஜயசங்கரின் மஞ்சள் கார். நின்றது, தாவியது, நின்றது. மஞ்சள் கார் பள்ளத்தில் கிடந்தது.

"பாத்தியளா," என்றான் விஜயசங்கர், வருத்தத்தோடு.

முத்துவடிவு ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனாள். பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் லேப்டாப்புக்குள் காப்பி செய்து ஓட்டலாமா என்று கேட்டாள். காப்பி எடுப்பது சாட்சியைத் தொடுவதாகுமா என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. ஆகாது என்று முடிவானது. காப்பி செய்து ஓட்டினார்கள். திக்கியது. வீடியோ ஓட்டுகிற மென்பொருளை மாற்றிப் பார்த்தார்கள். அதுவும் திக்கியது. திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடச் சொன்னாள். அண்ணாச்சியின் பங்குச் சந்தை, ஒரு ஜாதகம், பாதி ஓடிய ஒரு சமையல் வீடியோ எல்லாம் மூடப்பட்டன. அப்போதும் திக்கியது.

இரண்டு வீடியோவும் எவ்வளவு கனம் என்று அவள் பார்த்தாள். ஒரே பந்தயம்தான். ஆனால் சத்யபிரியாவுடையது யானை, விஜயசங்கருடையது கன்றுக்குட்டி. ஏன் இத்தனை வித்தியாசம் என்று அவனிடமே கேட்டாள். பதிவின் தரத்தைக் குறைத்து வைத்திருந்தேன், கம்ப்யூட்டருக்குச் சுமை ஆகாது பாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னான். நியாயமான பதில்தான். 

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். இருட்டும் முன்னே முடித்துவிடலாம், பிள்ளையும் பாவம் எத்தனை நேரம் நிற்கும் என்றார். சத்யபிரியா நின்றுகொண்டுதான் இருந்தாள். நல்லதம்பி ஜன்னல் வழியாகத் தம்முடைய டெம்போவையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ அதைக் கேட்டு வந்துவிட்டது போல.

ஸ்டான்லிக்கு இந்த நேரத்தில் செல்போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவன் சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனான்.

"ஏ தம்பி, சுவர்ல சொருகாதிய," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. லாட்ஜின் சமையல் பொறுப்பாளர் உலகம்மை, கையில் டீத் தட்டு. "சாரல் தொடங்கிட்டுன்னா இந்தச் சுவர் பூரா கரண்ட் இழுக்கும். போன வருசம் ஒருத்தரு சொருகிட்டு, ஒரு நா முழுக்கப் பேச்சே வரல."

"என் கூட்டாளிய இதைக் கேட்டா ஆளுக்கு ஒரு சார்ஜர் வாங்கித் தருவாவ," என்றான் ஸ்டான்லி. "அப்ப சார்ஜ் எங்கனதான் போடுதிய?"

சீசன் முடியும்வரை ஹாலில் எதையும் சொருகுவதில்லை என்பது லாட்ஜின் பழக்கம் என்று உலகம்மை சொன்னார். பந்தயத்தன்று மட்டும் வெளியே ஜெனரேட்டர் வைத்து வயர் இழுத்தார்களாம். மற்றபடி சுவர் காய்ந்திருக்கிற ஒரே இடம் அடுப்படிதான். எல்லாருடைய போனும் அங்கே இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடக்குமாம்.

முத்துவடிவு லேப்டாப்பை மறுபடி பார்த்தாள். வயர் எதுவும் இல்லை. திரை அந்திப் பொழுது மாதிரி மங்கியிருந்தது. கீழே மூலையில் பேட்டரிப் படம், அதன்மேல் பொடியாக ஒரு பச்சை இலை.

"ஸ்டான்லி, இந்த இலை என்னது?"

அவன் குனிந்து பார்த்தான். "பேட்டரிய மிச்சம் பிடிக்குதுக்கா. பாதிச் சோத்துல முழு வேலை பாக்கச் சொல்லியிருக்காவ."

முத்துவடிவு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினாள். லேப்டாப் ஹாலில் சுவரில் சொருகப்படாமல் வெறும் பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரி தீராமல் இருப்பதற்காகத் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று விளக்கினாள். கன்றுக்குட்டியை அது தூக்கிவிடும். யானையைத் தூக்கச் சொன்னால் நாலு எட்டுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கும்.

"அண்ணாச்சி, தராசுல ஒரு தட்டு சாஞ்சிருக்கு. அடுப்படிக்குப் போவோம்," என்றாள்.

*

சபை அடுப்படிக்கு இடம் மாறியது. அண்ணாச்சிக்கு மட்டும் முக்காலி கிடைத்தது. இரண்டு பெரிய மனிதர்களில் ஒருவர் வெங்காய மூட்டையிலும் மற்றவர் கவிழ்த்த பானை ஒன்றின்மீதும் உட்கார்ந்தார்கள். லேப்டாப்பைத் தோசை மாவு வாளியின் மூடிமேல் வைத்தார்கள். உலகம்மை இரண்டு போன்களைக் கழற்றிவிட்டு லேப்டாப்பின் சார்ஜரைத் தம் கையாலேயே சொருகினார்.

திரை வெளிச்சமானது. பச்சை இலை உதிர்ந்தது.

சத்யபிரியாவின் வீடியோவை ஓட்டினார்கள். ஒரு திக்கல் இல்லை. நேர்ச்சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், முன்னால் மஞ்சள் கார் ஓரமாகப் போகிறது. சட்டென்று அது நடுவுக்குக் குறுக்கே வருகிறது. அதன் பின்விளக்கு இரண்டும் செக்கச்செவேலென்று எரிகின்றன. விளக்கு எரிந்தபடியே கார் நிற்கிறது. சிவப்புக் கார் விலகப் பார்க்கிறது, முடியவில்லை, முட்டுகிறது.

வெங்காய மூட்டையில் இருந்தவர், அண்ணாச்சி தலையாட்டுவதற்கு முன்பே தலையாட்டிவிட்டார். நல்லதம்பி மகளின் தோளில் கை வைத்தார். முத்துவடிவு மட்டும் விஜயசங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கலங்கவில்லை. இதே இடம் என் வீடியோவிலும் இருக்கிறது, அதில் நான் பிரேக் போடவும் இல்லை, குறுக்கே வரவும் இல்லை. இரண்டில் ஒன்று பொய், முதலிலிருந்து ஒழுங்காக ஓடியது எது என்று நீங்களே பார்த்தீர்கள் என்று அடக்கமாகச் சொன்னான். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாள் முழுக்க வைத்திருந்தவள், பிரேக் விளக்கை வரைந்து சேர்த்திருக்க மாட்டாள் என்பதற்கு என்ன சாட்சி என்றும் கேட்டான்.

 இட்லிக் கொப்பரை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் முகம் மறுபடி பழைய நிலைக்கு வந்தது. அது சரிதானே என்றார். நல்லதம்பியின் கை தோளிலிருந்து இறங்கியது.

"சரிதான்," என்றாள் முத்துவடிவு. "ரெண்டுல ஒண்ணு பொய். அண்ணாச்சி, தலைவலியக் கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க. சத்தத்தை வச்சு ரெண்டையும் ஒருக்கப் போடுங்க. எல்லாரும் கண்ணை மூடிக்கிடுங்க."

"சாமி கும்பிடவா?" என்றார் பானைமேல் இருந்தவர்.

எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முதலில் சத்யபிரியாவின் வீடியோ, பிறகு விஜயசங்கருடையது. முடிந்ததும் முத்துவடிவு ஒவ்வொருவரிடமும் என்ன கேட்டது என்று விசாரித்தாள். கார் சத்தம் என்றார் அண்ணாச்சி. கார் சத்தமும் மழைச் சத்தமும் என்றார் வெங்காய மூட்டைக்காரர். கொப்பரைச் சத்தம் என்றார் உலகம்மை, அவருக்கு அதுதான் கவலை.

அவள் நல்லதம்பியிடம் வந்தாள்.

"சங்குச் சத்தம் கேட்டுதும்மா," என்றார் அவர், தயங்கித் தயங்கி. "எம்மவளோடதுல முழுசா ஊதுச்சு. அந்தத் தம்பியோடதுல ஏறுச்சு, உடனே பொத்துன்னு விழுந்துட்டு. நடுவுல நிக்கவே இல்ல."

"எந்தச் சங்கு?" என்றார் அண்ணாச்சி.

அவர் நடிக்கவில்லை. முத்துவடிவு இரண்டையும் மறுபடி போட்டாள், இந்தத் தடவை அந்த இடத்தை மட்டும். சத்யபிரியாவின் பதிவில் ஊளை ஏறியது, நின்றது, இறங்கியது. விஜயசங்கரின் பதிவில் ஏறியது. அவன் பின்னால் திரும்பிப் பார்க்கும் விசையை அழுத்தி, காட்சி மாறிய அதே நொடியில், ஊளை உச்சத்தைத் தொடாமலே இறங்கிக்கொண்டிருந்தது.

காட்சி மாறுகிற இடத்தில் வெட்டினால் கண்ணுக்குத் தெரியாது, அது நல்ல யோசனைதான் என்று முத்துவடிவு பாராட்டினாள். குறுக்கே வந்ததும் பிரேக் போட்டதும் அந்த வெட்டுக்குள் போய்விட்டன. வெட்டி ஒட்டி மறுபடி சேமிக்கும்போது வீடியோவின் கனமும் குறைந்துவிட்டது. யானை கன்றுக்குட்டியானது அப்படித்தான். இந்த லேப்டாப்பில் அது வழுக்கி ஓடியதும் அதனால்தான். திக்கியதே, அதுதான் வெட்டுப்படாத வீடியோ.

"ஒரே ஹால், ஒரே சங்கு," என்றாள். "அருவிக்குக் காவல் நிக்கிற சங்கு ஒருத்தருக்கு மட்டும் குறைச்சு ஊதுமா, தம்பி?"

விஜயசங்கர் லேப்டாப்பைப் பார்த்தபடியே இருந்தான். அவன் அந்த வீடியோவை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்திருப்பான். ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறதா என்று படம் படமாகத் தேடியிருப்பான்.

"அன்னைக்குச் சங்கா ஊதுச்சு?" என்றான்.

அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. அண்ணாச்சி தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

"அது ஒன் வீட்டு மாடிக்கு எதுத்தாப்ல தானலே இருக்கு," என்றார் மெதுவாக.

தீர்ப்பைச் சொல்ல அவர் எழுந்து நிற்க விரும்பினார். முக்காலி கூடவே வந்ததால் உட்கார்ந்தே சொன்னார். சத்யபிரியா ஜெயித்தது ஜெயித்ததுதான், சென்னைக்கு இன்றைக்கே தகவல் போகும். அவள் பெயருக்குப் போடவிருந்த தடை விஜயசங்கர் பெயருக்குப் போகும். தலைகள் ஆடின. உலகம்மை எல்லாருக்கும் இட்லி எடுத்து வைத்தார். விஜயசங்கருக்கும் வைத்தார்; தட்டை வாங்கிக்கொண்டு அவன் சுவரோரமாகப் போய் நின்றான்.

நல்லதம்பி மார்க்கெட்டுக்கு போன் போட நினைத்தார். அவருடைய போனிலும் சார்ஜ் இல்லை. ஸ்டான்லி அங்கே சொருகியிருந்த தன்னுடைய போனைக் கழற்றிவிட்டு அவருக்கு இடம் கொடுத்தான். தன் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் இதுதான் என்று முத்துவடிவிடம் சொன்னான். நீ சுவரில் கை வைக்கப் போனதால்தான் வழக்கே தீர்ந்தது என்று அவள் சொன்னாள். அப்படியானால் அடுத்த வழக்கில் எதைத் தொட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்படி அவன் கேட்டுக்கொண்டான்.

வெளியே சாரல் மழையாக மாறியிருந்தது. அருவிப் பக்கமிருந்து சங்கு ஊதத் தொடங்கியது. மெள்ள ஏறியது, நின்றது.

அண்ணாச்சி சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தார். உலகம்மை கொப்பரையின் மூடியைத் திறந்தார். வெங்காய மூட்டைக்காரர் இன்னும் இரண்டு இட்லி கேட்டார். ஒருவரும் நிமிரவில்லை.

விஜயசங்கர் மட்டும், இட்லி பிட்ட கை வாய்க்குப் போகாமல், தலையைத் தூக்கி, அது இறங்கி முடியும்வரை கேட்டுக்கொண்டே நின்றான்.